நூற்று நாற்பது வெள்ளிச் சுழற்சி

ரூபன் ஜனவரியில் சிங்கப்பூருக்குப் போனான்.
கீபோர்டும் கூடவே போனது,
அதற்கும் ஒரு பஸ் டிக்கெட் எடுத்தேன் என்று சிரித்தான்.
எங்கள் பாட்டுகளில்
அவன் விரல் இருந்த இடமெல்லாம் ஓட்டை.
"ஆர்கன் வர்ற பாட்டை வெட்டிடுவோம்" என்றான் குணசீலன்,
டிரம் தோலை இறுக்கிக்கொண்டே.
வெட்டினால் மிஞ்சுவது நான்கு.
கல்யாணமோ மூன்று மணி நேரம்.

கித்தாரை ஆர்கனாய்ச் சுழல வைக்கலாம்.
முன்பு அதற்கென்றே ஒரு பெட்டி இருந்ததாம்,
துணி அலமாரி உயரம்.
உள்ளே நிஜமாகவே ஒரு கொம்பு மோட்டாரில் சுற்ற
சத்தம் கிட்டே வரும், விலகும், கிட்டே வரும்.
தூக்க நான்கு பேர். ஏற்ற ஒரு லோரி.
இப்போது அதைச் சோப்பு டப்பா அளவில் அடைத்துக்
காலில் மிதிக்கத் தருகிறார்கள்.
பேர்பெற்ற டப்பா என் ஒரு மாதச் சம்பளம்.
பேர் தெரியாதவை மூன்று,
நூற்று அறுபது வெள்ளிக்குள்.

பஹாவுக்கு வெளியே ஆலை, எடைமேடை அறை, ராத்திரி ஷிப்ட்.
செம்பனைக் குலை லோரிகள் வரிசையில் உறுமும்.
உள்ளே போகையில் ஓர் எடை, வெளியே வருகையில் ஓர் எடை,
கழித்து எழுதுவது என் வேலை.
ஒரு காதில் போன், மறு காதில் ஆலை,
மூன்று டப்பாவையும் கேட்டேன்.
வேகத்தில் மூன்றும் ஒன்றுதான்:
மேசைக் காத்தாடி முன் வாயைத் திறந்து
"ஆ" என்று கத்தும் பிள்ளை.
மெதுவிலும் பெரிய வித்தியாசமில்லை.
வேகத்திலிருந்து மெதுவுக்கு
இறங்கும்போதுதான் பிடிபட்டது.

ஒன்று, விளக்கணைவது போல, டக்.
ஒன்று, மிதித்ததை மறந்துபோய்
அப்புறம் ஞாபகம் வந்து திடுக்கென்று.
மூன்றாவது

ஞாயிறு காலை ஆலையை நிறுத்துவார்கள்.
சுவிட்சைத் தட்டிய பிறகும்
பாய்லர் காத்தாடி நிற்காது.
போக மனமில்லாத விருந்தாளி மாதிரி
வாசல்வரை வந்து, இன்னொரு பேச்சு,
செருப்பு மாட்டி, இன்னொரு பேச்சு.
பதினோரு வருஷமாய்க் கேட்கிறேன்.
இரும்பு இருந்தால்தான் அப்படி இறங்க வரும்.

டப்பாவில் இரும்பு இல்லை.
எந்த ஊரிலோ எவனோ உட்கார்ந்து
இல்லாத கனத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறான்.
அந்த ஆளுக்குத்தான் கொடுத்தேன்
நூற்று நாற்பது.

அடாப்டர் தனிக்காசு என்பதைப் பார்சல் பிரித்தபின் படித்தேன்.
வீட்டு மோடத்தின் அடாப்டர் அழகாய்ப் பொருந்தியது.
பொருந்துவதெல்லாம் சேராது:
அதற்கு நடுவில் பிளஸ், இதற்கு மைனஸ்.
கொளுத்தியிருப்பேன்.
தவுக்கே கடையில் ஒன்பது வோல்ட் பேட்டரி,
பன்னிரண்டு வெள்ளி.

சனி இரவு, மண்டபம்.
சேலையைக் கணுக்கால்வரை தூக்கிச் செருகி
வெறுங்காலால் தேடி மிதித்தேன்.
யாரும் நிமிரவில்லை. கோழி வறுவல் வந்துகொண்டிருந்தது.
குணசீலன் மட்டும்
இடப்பக்கம் காலியாய்க் கிடந்த இடத்தைத்
திரும்பிப் பார்த்தான்.
இன்னொரு மிதி.
கனம் இறங்கியது, சுற்றுச் சுற்றாய், மண்டபத்துக்குள்.

ஐந்தாவது பாட்டில் பேட்டரி செத்தது.
அது மெதுவாய்ச் சாகவில்லை. டக்.
கித்தார் மொத்தமும் காணோம்.
குணசீலன் நிறுத்தாமல் உருட்டினான்;
வேண்டுமென்றே செய்கிறோம் என்று நினைத்து
மாப்பிள்ளையின் மாமா எழுந்து ஆடினார்.
நான் மண்டியிட்டு ஒயர் மாற்றினேன்.

அதை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.
ஒரு மணிக்கு ரூபன் கேட்டான்:
யாரு கீபோர்டு?
"கால்" என்று அடித்து அனுப்பினேன்.
போன் செய்யச் சொல்கிறேன் என்று நினைத்து
உடனே கூப்பிட்டான்.

அடிக்கட்டும்.
பேட்டரியைப் பிடுங்கி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்,
கொஞ்சம் புளிக்கிறது இன்னும்.