எதிரே வரும்போது

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்த
இருபத்திரண்டு நிமிடமும்
என் மடியில் இறக்கை,
சூசைமாணிக்கத்தின் டிவிஎஸ்ஸில் மீதியெல்லாம்.
பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.
"பட்டமா?"
"ஏரோப்ளேன்."
"விக்கிறதா?"
"விழுறது" என்றார் சூசை.

சங்கத்தில் பதினொரு பேர்.
சந்தா மாதம் இருநூறு.
விழுந்தால் பசை அவரவர் செலவு.
எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.
கைக்குழந்தையின் நரம்பையும் ஒரே குத்தில் பிடிப்பாள்
தையல்நாயகி என்று பேர்.
அந்தக் கைதான்
ரிமோட்டின் இரண்டு குச்சிகளுக்கு நடுவே
பேருந்தில் ஊர் தவறி இறங்கினவள் மாதிரி நிற்கும்.

சம்பா அறுப்பதற்கு முன்பே
எல்லா வயலிலும் உளுந்து தெளித்துவிட்டார்கள்.
கோரையாற்றுக்கு அந்தப் பக்கம் வடுகநாதன் மட்டும்
எங்களுக்காக ஒரு மா சும்மா விட்டார்.
குத்தகை தனி. நிபந்தனை தனி:
பக்கத்து வயலில் விழுந்தால்
ஒரே ஆள்தான் இறங்கணும், செருப்பில்லாமல்.
ஒடிந்த செடிக்குப் பத்து ரூபாய்.
அவரே எண்ணுவார்.
மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால்
ஓடுபாதையில் நாற்று நிற்கும்.
அதற்குள் கற்றாக வேண்டும்.

போகும்போது பயமில்லை.
அதன் வலது என் வலது.
திரும்பி என்னைப் பார்த்து வரும்போதுதான்
இடம் வலமாகி வலம் இடமாகி
புத்தி ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம்.
"சாய்ந்த இறக்கைக்கு அடியில் குச்சியைக் கொண்டுபோ,
வாழைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி" என்றார் சூசை.
எந்த இறக்கை சாய்ந்தது என்று தெரிவதற்குள்
தரை வந்துவிட்டது.
"நீயே உள்ளே உட்கார்ந்திருப்பதாக நினை"
என்றார் ஹாஜாமைதீன்.
நினைத்தேன்.
உள்ளே உட்கார்ந்தபடி விழுந்தேன்.

நான்காவது இறக்கையை
ஒரு காதணி விழாப் பலகையில் வெட்டினோம்.
தாய்மாமன் பெயர் தப்பாக அச்சாகி
சூசையின் கடைக்கே திரும்பி வந்த சன்பேக் அட்டை.
மேலே வெறும் வெள்ளை.
அடியில், சிவப்பில், ஒரு முழம் அகலத்துக்கு
வருக.
உரிக்கச் சோம்பல்பட்டு விட்டது.

மாசி மூன்றாம் ஞாயிறு. பனி விலகி ஆறரை மணி.
கிளப்பினேன். ஏறியது.
கரிச்சான் ஒன்று பத்தடி துரத்திவிட்டு
தின்கிற சாமான் இல்லை என்று
கம்பிக்குத் திரும்பியது.
வாய்க்கால் மதகுக்கு மேல் வளைத்தேன்.
திரும்பியது.
வந்தது.
விரல்கள் மறந்தன.
அண்ணாந்தேன்:

வருக

நேராக. எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி.

போகும்போது தலைகீழாக இருந்த அதே எழுத்து.
வ தாழ்ந்தது;
வ பக்கம் குச்சியைத் தள்ளினேன், நிமிர்ந்தது.
க தாழ்ந்தது; க பக்கம்.
வ. க. க. வ.
நடுவில் ரு தலைக்கு நேர் மேலே
கிர்ரென்று கடந்து போயிற்று.
பின்னால் யாரோ கை தட்டினார்கள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் விழுந்திருக்கும்.

இறக்கும்போது ஒரு மா போதவில்லை.
வரப்பைத் தாண்டி உளுந்தில் போய் உட்கார்ந்தது,
புரொப்பெல்லர்கூட ஒடியாமல்.
செருப்பைக் கழற்றி இறங்கினேன்.
பிஞ்சுக் காய்களின் சுணை கெண்டைக்காலில் உரசிற்று.
வடுகநாதன் குனிந்து எண்ணினார். ஏழு.
நூறு கொடுத்தேன், முப்பது திருப்பினார்.
பிறகு இறக்கையைப் புரட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்:
"எழுதிவச்சுட்டு என் வயலுக்குத்தானே வருது!"

திங்கள் காலை,
சாப்பிடாமல் வந்த முதல் ஆள் எதிரே உட்கார்ந்தார்.
"இடது கையை நீட்டுங்க" என்றேன்.
என் வலப்பக்கம் நீண்டது.
ஒன்பது வருடமாக ஒரு நாளும் குழம்பாமல்
பிடித்துக்கொண்டிருக்கிற கை.

ரப்பர் பட்டையைக் கட்டும்போது சிரித்துவிட்டேன் போல.
ஊசி இன்னும் உறைக்குள்தான் இருந்தது,
பாவம், அவர் கண்ணை மூடிக்கொண்டார்.