ஆறு என்றேன்

அவன் பெயரை நான் சொல்லும் விதம் தப்பு என்பாள் அப்ரோஸ்.
கொரிய எழுத்தில் அது இரண்டே கட்டம்.
எங்கள் பூசாரிகொட்டாயில் அவன்
"அந்தப் பச்சைத்தலைப் பையன்".

பென்னாகரம் டவுன் பஸ், மூன்றாவது சீட்,
ஆளுக்கொரு காதாய் ஒரே இயர்போன்.
வேதியியல் இரண்டாம் ஆண்டில்
எனக்கு மனப்பாடமாய்த் தெரிந்தவை இரண்டு:
தனிம வரிசை அட்டவணை,
ஆடும்போது அவன் எந்தத் தோளை முதலில் அசைப்பான் என்பது.

சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும்.
போகாத கை எங்கள் ஊரில் யாருக்கு?
பல்லில் பழுப்புக் கோடு,
போர்வெல் போட்ட கையெழுத்து.
பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில்
எல்லோரும் உதடு ஒட்டி நிற்கிறோம்
ஒரே ரகசியத்தைக் காப்பவர்கள் மாதிரி.

அன்று அவன் ஆடவில்லை.
தலைமுடியைக் கறுப்பாக்கி, கோட்டு மாட்டி,
உலக நாடுகளெல்லாம் உட்கார்ந்திருந்த மண்டபத்தில்
தாளைப் பார்த்துப் படித்தான்.
பதினேழு இலக்குகளாம். முப்பதாம் வருடத்துக்குள்ளாம்.
"ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான்
ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போனவன் போல.
நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான்.

அங்கே வீடியோவை நிறுத்தினேன்.
மற்றவர்கள் மோதிரத்தைப் பார்த்தார்கள்.
நான் டம்ளரைப் பார்த்தேன்,
டம்ளரின் விளிம்பில் பட்ட பல்லை.

ஆறு, என்றேன்.
"ஆறா? அது ஒகேனக்கல்ல இல்ல ஓடுது"
என்றாள் மாதேஸ்வரி.

அவன் பிறந்தநாள் பிளக்ஸுக்குச் சேர்த்தது
மூவாயிரத்து இருநூற்று நாற்பது.
நாங்கள் பதினொரு பேர்,
வெளியே சொல்லாதே என்று சத்தியம் வாங்கிய முனிரத்னத்தோடு பன்னிரண்டு.
பிளக்ஸ் வேண்டாம் என்றதற்கு மூன்று நாள் சண்டை.
நான்காம் நாள் கூரியரில் வந்தது
தண்ணீர் சோதிக்கும் பெட்டி.

குழாயில் தண்ணீர், மேலே ஐந்து சொட்டு.
சிவப்பு நின்றால் குடிக்கலாம்.
மஞ்சளாய் வெளுத்தால் புளோரைடு.

கோயில் போர்வெல் மஞ்சள்.
பள்ளிக்கூடத்துப் போர்வெல்,
நாங்கள் ஐந்து வருஷம் வாய் வைத்துக் குடித்தது,
குலுக்கும் முன்பே மஞ்சள்.
டீக்கடை எதிரில் தேன் நிறம்.
நல்லபடியாக இருக்கட்டும் என்று இன்னும் குலுக்கினோம்,
மஞ்சள்.
ஏரிக்கரைக் கிணறு மட்டும் சிவப்பு.

கிராம சபையில் தலைவர் கேட்டார்
"எந்தக் கட்சி அனுப்புச்சு?"
ரசிகர் மன்றம், என்றோம்.
"எந்த நடிகருக்கு?"
போனைக் காட்டினோம்.
"இது பொண்ணா, பையனா?"
சிரித்தது சபை. அத்தனை பேரும் கையால் வாயை மூடிக்கொண்டு.
தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது,
தெருவிளக்குக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் நடுவில்.

திரும்பும்போது அப்ரோஸ் கணக்குப் போட்டாள்:
அந்த ஒரு பேச்சுக்கு அவன் பறந்த விமானம்
எவ்வளவு புகை கக்கியிருக்கும்,
ஆல்பம் ஒன்றுக்கு எத்தனை பிளாஸ்டிக் உறை.
தொகை வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி அதே பாட்டை ஓட விட்டாள்.

மிச்சக் காசில் பெயின்ட்.
கெட்ட தண்ணீர் அடிபம்புகளுக்குச் சிவப்பு,
நல்லதற்கு மன்றத்தின் இளநீலம்.
குழாயில் சிவப்பு நல்லது, பம்பில் சிவப்பு கெட்டது,
இதை விளக்கவே அரைநாள் போயிற்று.
இளநீல டப்பா முக்கால்வாசி மீந்தது.

பொழுது சாயும் நேரம்,
கோயில் பம்புக்கு இரண்டாம் கோட் முடிக்கிறோம்.
குடத்தோடு வந்தார் தக்காளி மண்டிக்குப் போகும் பெருமாயி அக்கா.
சொன்னோம். எல்லாம் கேட்டார்.
ஏரிக்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்,
ஒன்றேகால் கிலோமீட்டர்.
ஏழு மணிக்குப் பாலக்கோடு வண்டி.

"பெயின்ட் காஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை, என்றோம்.

முந்தானையைச் சுற்றிப் பிடித்து
அடிக்கத் தொடங்கினார்.