மேலே ரம்பம்

கதவிடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது:
"மூன்றாம் மாடி ஷோனா எழுதுகிறேன்.
அடுக்களை மேடைக்குப் பலகை வெட்டப்போகிறேன்.
பகலில் தூங்குகிறவராமே நீங்கள், தபால்காரர் சொன்னார்.
மின்வாள் எடுக்க மாட்டேன். கைரம்பம் மட்டும்."

தூங்குகிறவர் என்பது கொஞ்சம் மிகை.
இரவெல்லாம் கிரீனாக் ரொட்டி ஆலையில்
மாவு பிசையும் இயந்திரத்துக்குக் காவல்.
காலை ஏழுக்கு வந்து படுத்தால்
கண் மட்டும் மூடும்.
காதுக்கு ஷிஃப்ட் முடிவதேயில்லை.

செவ்வாய், பத்து மணிக்கு ஆரம்பித்தாள்.
கர்ரக். கர்ரக்.
தள்ளும்போது கனம், இழுக்கும்போது வெறும் மூச்சு.
பீச் மரம், நாற்பது மில்லிமீட்டர் தடிமன்,
அதெல்லாம் பிறகு தெரிந்தது.
நூறு இழுப்புக்கு ஒரு ஓய்வு,
ஓய்வில் கெண்டியின் விசில்.
ஒருமுறை வாள் இறுகித் திணறியது.
மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்திருப்பாள்,
அடுத்த இழுப்பு வழுக்கிக்கொண்டு போனது.

பேசியே ரம்பம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்,
எங்கள் ஆலை மேலாளர் உட்பட.
இந்த ரம்பம் என்னைத் தூங்கவைத்தது.
ஆறு வருஷத்தில் முதல்முறையாகப்
பகலில் கனவு கண்டேன்.

வியாழன் மதியம் நின்றது.
துண்டு விழுந்த 'தொப்'.
அதற்குப் பிறகு விசில்கூட இல்லை.
விழித்துக்கொண்டேன்.
சீலிங்கைப் பார்த்தபடி காத்திருந்தேன்.
கிளைட் ஆற்றுப் பக்கமிருந்து வந்த மழை
ஜன்னலைத் தட்டியது, அவ்வளவுதான்.
செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போனேன்.

மரத்தூளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள்,
வேலைக்குப் புறப்பட்ட பஸ் ஓட்டுநர் சட்டையோடு.
"சத்தம் அதிகமா?"
"இல்லை. நின்றுவிட்டது."

இரண்டு பலகை.
இரண்டும் இடதுகால் செருப்பு.
சேர்த்துவைத்தால் மூலை திரும்பாமல்
நேரே சுவருக்குள் போகும்.
"இந்த மூலை தொண்ணூறு டிகிரிகூட இல்லை," என்றாள்,
"தொண்ணூற்று மூன்று.
அட்டை மடித்து அளந்தேன். பாதி, நாற்பத்தாறரை.
அந்த அரைக்கெல்லாம் உயிரைவிட்டேன்.
எந்தக் கை என்று மட்டும் பார்க்கவில்லை."
விலை நானூறு பவுண்டு என்றாள்.
நான் கேட்கவில்லை.

மரம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
ரொட்டி தெரியும்.
ஒரு பக்கம் கருகினால்
அதைக் கீழே போட்டு அடுக்குவோம்.
"புரட்டினால்?" என்றேன், சும்மாதான்.

என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.
மேலே தாள் ஒட்டிய பலகையென்றால் கதை முடிந்திருக்கும்.
இது உள்ளும் புறமும் மரம்.
ஆளுக்கொரு முனை தூக்கித் திருப்பினோம்.
இடது, வலதாயிற்று.
ஆனால் வெளிச்சத்துக்கு வந்தது அடிப்பக்கம்:
கறுப்பு மையில் ஆலை முத்திரை,
லாரியில் இழுபட்ட கீறல்,
கண்ணளவு முடிச்சு ஒன்று.

சனிக்கிழமை
"கீழே படுத்து ஸ்பானர் திருக ஆள் வேண்டும்" என்றாள்.
கீழே இருப்பது எனக்குப் பழக்கம்.
மூன்று போல்ட்டு,
அவள் உளியால் குடைந்த குழிகளில்.
மேலே உள்ளங்கையால் இணைப்பைத் தடவியபடி
"கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..."
பிதுங்கிய பசை ஒரு சொட்டு
என் நெற்றியில் விழுந்தது.
"நிறுத்துங்கள்.
நகம் மாட்டவில்லை."

முத்திரையை இழைப்புளியால் சீவினாள்,
மணல்தாள் போட்டாள், எண்ணெய் விட்டாள்.
முக்கால்வாசி போயிற்று.
கெண்டிக்குப் பக்கத்தில் இன்னமும்
தலைகீழாய் ஒரு ஏழு தெரியும்.
நான் ரொட்டி கொண்டுபோனால்
சரியாக அதன் மேல்தான் வைக்கிறாள்.

என் தூக்கம் பழையபடி.
நேற்றுப் படிக்கட்டில் பார்த்தபோது கேட்டேன்:
குளியலறைக்கு
அலமாரி ஏதும் போடுகிற
எண்ணமில்லையா?