காலி எடை

வெள்ளக்கல்பட்டி எடைமேடையில்
இரவு ஷிப்ட் எனக்கு.
மண் வெள்ளை, மேசை வெள்ளை,
மூக்கைத் துடைத்தால் முந்தானையிலும்
மேக்னசைட் மாவு.
லாரி ஏறும். எண் நடுங்கி நிற்கும்.
காலி எடை, சரக்கு எடை, நிகர எடை.
கீழே முத்திரை,
கு. தங்காயி என்று கையெழுத்து.

என் பெயர் அங்கே மட்டும்தான்.
டிரைவர்களுக்கு நான் மேடம்,
அவசரக்காரனுக்கு ஏம்மா,
மேனேஜருக்கு அந்த நைட் பொம்பள.

ஆறு ஞாயிறாகக் கருப்பூர் சபையில்
கடைசிப் பாயில் உட்காருகிறேன்.
சலோமி கூட்டிப்போனாள்.
முதல் வாரம் ஃபேன் காற்றுக்காகத்தான் போனேன்,
இரண்டாம் வாரம் எதற்கென்று தெரியவில்லை.
எல்லோரும் கண்மூடி
தேவரீர் என்கிறார்கள், நீர் என்கிறார்கள்,
கலெக்டர் ஆபீஸ் மனு மாதிரி
வார்த்தைக்கு வார்த்தை இஸ்திரி போட்டு.
எனக்கு வாய் வரவில்லை.
எங்கள் முனியப்பனிடம் அப்பா
"ஏண்டா, கண்ணு தெரியலையா" என்று சண்டையே போடுவார்.
அந்த உரிமையும் எனக்கு இங்கே இல்லை.

நேற்று மழை.
இரண்டு மணிக்கு மேல் வண்டியே இல்லை.
அச்சுப் பிசகிய ரசீதின் பின்புறம்
மனுவாகவே எழுதிப் பார்த்தேன்.
அனுப்புநர்: கதவு எண் முதல் பின்கோடு வரை.
பெறுநர்: பேனா நின்றது.
பொருள்:
வீட்டு வாடகை என்று எழுதி அடித்தேன்.
மகளின் பரீட்சை ஃபீஸ், அதையும் அடித்தேன்.
பவானிப் பக்கம் போனவர் என்று எழுதினேன்.
அதை அடிக்கவில்லை. மடித்தேன்.

அவரைப் பெயர் சொல்லி நான் அழைத்ததில்லை.
அடுப்படியிலிருந்து, கொடியில் துணி போட்டபடி,
பாதித் தூக்கத்தில், காய்ச்சலில்,
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்:
ஏனுங்க.
நாலு வருஷமாய் அது தொண்டையில்
ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கிறது,
ஓனர் தேடி வராத வண்டியாய்.

காலி வண்டிக்கும் எடை உண்டு, தெரியுமா.
பத்து டன், சில சமயம் பன்னிரண்டு.
அதற்கு யாரும் காசு தருவதில்லை.
கழித்துவிட்டுத்தான் கணக்கே.

தகரத்தில் மழை ஓய்ந்து ஓய்ந்து அடித்தது.
மேடைமேல் ஒன்றுமில்லை,
ஆனாலும் திரையில் நாற்பது, முப்பது, நாற்பது.
தேங்கிய தண்ணீரின் எடை.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது
பவானிக்குப் போனவரை அழைக்கவில்லை என்று.
உடம்பு கூசியது.
யாராவது கேட்டார்களா என்று வாசலைப் பார்த்தேன்.
சாக்குமேல் படுத்திருந்த நாய்
ஒரு காதை மட்டும் தூக்கியது.
மறுபடி, மெல்ல:
"ஏனுங்க, முழிச்சிருக்கீங்களா?"

இடி இல்லை, ஒளி இல்லை.
போனில் எதிர்ப்பக்கம் ஆள் இருந்தால்
பேசாவிட்டாலும் தெரியுமே,
அப்படி ஒரு அமைதி.

அப்புறம் சொன்னதெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.
முக்கால்வாசி புகார்.
போன ஆடியில் ஒரு வண்டிக்கு
இருநூறு கிலோ கூட்டிப் போட்டதும்
அதற்கு வாங்கிய முந்நூறு ரூபாயும் வந்தது.
அந்த இடத்தில் மட்டும் குரல்
எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.
திரும்பச் சொல்லும்படி
கேட்கப்படவில்லை.

முடிக்கவில்லை, அதற்குள் ஹாரன்.
பதினாறு சக்கரம், ஹெட்லைட் முழுக்க மழை.
"ஏம்மா! சீக்கிரம்!"

"இருங்க, வண்டி வந்துடுச்சு"
என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.
யாரிடம் சொன்னேன் என்று யோசிக்கக்கூட இல்லை.

காலி எடை பதினொன்று நானூற்று இருபது.
முத்திரை. கையெழுத்து.
சில்லறை இல்லை என்று ஒரு சண்டை.
வண்டி போனது.
கதவைச் சாத்தி,
கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

இருந்தீங்க.