கம்பளி நூல்

கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே, என் மூக்குக்கு நேரே,
ஒட்டுநாடாவில் ஒரு முனை பிடித்துக் கிடக்கிறது
சிவப்புக் கம்பளி நூல், நாலு விரல் நீளம்.
சுபூத் மாகாணத்து மெரினோ.
நான் தரம் பிரித்த மூட்டையிலிருந்தே உருவி
பீட்ரூட் சாற்றில் சாயம் தோய்த்தது.
எஞ்சின் இல்லாத இந்தக் கிளைடரில்
முள்ளுள்ள எந்தக் கருவியையும்விட
இதைத்தான் நம்புகிறேன்.

நூல் நேராக இருந்தால்
உடம்பு காற்றுக்கு நேராகப் போகிறதென்று பொருள்.
உடம்பு என்றால்
மூக்கில் தொடங்கி வால் நுனியில் முடிகிற ஒரு கோடு.
நெடுக்கச்சு என்கிறது கையேடு.
பெயிண்ட் அடித்தவன் அதை வரையவில்லை,
தொட்டுப் பார்க்கவும் வழியில்லை.
ஆனாலும் இறக்கைகள் ஏறி இறங்குவது அதைச் சுற்றித்தான்,
ஞாயிற்றுக்கிழமைகளில் எலிசெயோ
ஆட்டுக்குட்டியைக் கோத்துத் தணலருகே புரட்டுவானே,
அந்த இரும்புக் கம்பியைச் சுற்றுவதுபோல.

எலிசெயோ.
மூவாயிரம் மீட்டரில் அந்தப் பெயர் எதற்கு?

காற்று மேற்கிலிருந்து. இங்கே எப்போதும் மேற்கிலிருந்துதான்.
ஓடுதளமோ வடக்கு தெற்காக.
ஆற்றுக்கும் வேலிக்கும் நடுவே
போட்டவர்களுக்குக் கிடைத்த சமதளம் அவ்வளவுதான்.
எனவே மூக்கை மலைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு
தெற்கே இறங்குகிறேன், நண்டு மாதிரி.
நோக்கு ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம்.
ஆந்தீஸின் பனி எனக்கு முன்னால்,
போய்ச் சேரவேண்டிய சரளைக்கல் பாதை
இடது தோளுக்கு வெளியே.
நூல் மட்டும் நட்டநடுவில், நேராக,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அதற்குத் தரையைத் தெரியாது.

பதினோரு வருடம் நாங்களும் இப்படித்தான் போனோம்.
அவன் பார்வை கடலோர எண்ணெய்க் கிணறுகளின் சம்பளத்தில்,
என் பார்வை இந்த மேகங்களில்.
இருந்தும் வாடகை நாள், பல் டாக்டர்,
அவன் தங்கையின் இரண்டாவது கல்யாணம்,
எல்லாவற்றுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.
பக்கவாட்டில்.
பறக்கிறவரை அதில் ஒரு தப்பும் இல்லை.
சக்கரத்துக்குத்தான் ஆகாது.
சக்கரத்துக்கு ஒரே திசைதான் தெரியும்.

போன பிப்ரவரியில் மீர்கோ
மூக்கைத் திருப்ப மறந்து அப்படியே இறங்கினான்.
சக்கரப் பெட்டி பிய்ந்து புதருக்குள் ஓடியது.
வால் முன்னுக்கு வந்துவிட்டது.
இறங்கி நின்று சிரித்தான்,
சிரித்துக்கொண்டே வாந்தி எடுத்தான்.

வேலி கடந்தாயிற்று.
புல்லின் நரம்பு தெரிகிறது.
முந்தினால் காற்று ஓரத்துக்குத் தள்ளிவிடும்,
பிந்தினால் மீர்கோ.

இப்போது.
வலது இறக்கையைக் கொஞ்சம் காற்றுக்குள் அழுத்தி
இடது மிதியை மிதிக்கிறேன்.
மலை கண்ணாடியை விட்டு வழுக்கிப் போகிறது,
பாதை வந்து முன்னால் நிற்கிறது,
காணாத கோடு அதன்மேல் படிகிறது.
நூல் இடப்பக்கம் சாய்ந்து படபடக்கிறது:
கோணல், கோணல், கோணல்.
இருக்கட்டும்.
இந்த இரண்டு விநாடி
காற்றுக்குப் பொய், தரைக்கு மெய்.

சரளை.
பல்வரை ஏறுகிற அதிர்ச்சி.
நின்ற பிறகும் காற்று விடவில்லை,
வலது இறக்கைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கப் பார்க்கிறது.
கொட்டகையிலிருந்து யாரோ பழைய டயரோடு ஓடி வருகிறான்.
சனிக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது.
சனிக்கிழமைகளில் அவன் முறை.

டயரை இறக்கை நுனியில் வைத்து
அதன்மேல் தானும் சாய்ந்துகொண்டான் எலிசெயோ.
என்னவோ சொன்னான், காற்று கொண்டுபோயிற்று.
“என்ன?”
நூலைக் காட்டினான்.
“நைந்துபோச்சு, மாத்து.”

கூண்டைத் திறக்கலாம்.
வாரைக் கழற்றலாம்.
இடது மிதியிலிருந்து
நான் இன்னும் காலை எடுக்கவில்லை.