பேச்சு: ஏழு

சனிக்கிழமை. உட்துறைமுக வீதி,
ஹஸ்மியா வீட்டு மேல்மாடி.
கரம் போட்டைக் கவிழ்த்து வைத்தால் அதுதான் நகரம்.
தீப்பெட்டிகள் வீடுகள்,
சோடா மூடிகள் போர்வீரர்,
துருப்பிடித்த ஆமைப்பூட்டு அரண்மனை.
இருபது முகக் கட்டை ஒன்றேயொன்றுதான்;
றொஷானியின் மச்சான் கனடாவிலிருந்து அனுப்பியது.
அது கீழே விழுந்தால்
எல்லோரும் சேர்ந்து குனிவோம்.

நான் மந்திரக்காரி. பேச்சு பதினேழு.
பூட்டிய கதவை இளக்குவதும் நான்,
குதிரைக்கு விலை பேசுவதும் நான்,
நகரத்தலைவனின் மனைவிக்கு
அவள் பூனையைப் புகழ்ந்து கடிதம் எழுதியதும் நான்.

ஜெனோஷன் வாள்வீரன்.
பெயர் கொற்றன். பலம் பதினெட்டு. பேச்சு ஏழு.
எல்லாம் பேனையால் எழுதியிருந்தான்,
அந்த ஏழை மட்டும் பென்சிலால்.

சண்டை வந்தால் எழும்பி நிற்பான்,
கதிரை பின்னால் விழும்.
சண்டை இல்லையென்றால்
"கொற்றன் வாசலில நிக்கிறான்" என்பான்,
போனை எடுப்பான்.
சந்தையில், சத்திரத்தில்,
ஒருமுறை கல்யாண வீட்டில்கூட
ஆறு மாதமாக அவன் வாசலில் நிற்கிறான்.
மிதியடி என்று பகிடி பண்ணினோம்.
அவனும் சிரித்தான்,
மா ஆலை வேலைக்குப் போகுமுன் வந்திருப்பான்,
நேற்றைய மா இன்னும் காதோரம்.

அன்று கார்த்திகை மழை. கரண்ட் இல்லை.
"இண்டைக்குச் சண்டை இல்லை" என்றாள் ஹஸ்மியா.
அவன் கை போனுக்குப் போனது.
"கொற்றன், உன்னைத் தேடி ஒரு பிள்ளை வந்திருக்கு."
"எங்க, வாசலுக்கா?"
"நீ அங்கதானே நிக்கிறாய்."

ஒன்பது வயதிருக்கும்.
கையில் ஒரு கேடயத்தின் தோற்பட்டி.
பாலத்துச் சண்டையில் இதைக் கட்டியிருந்தவர்
என்ர அப்பா.
நீங்களும் அங்க நிண்டீங்களாம்.
கடைசியா அவர் ஏதும் சொன்னவரா?

பாலத்துச் சண்டை எங்களுக்கு நினைவிருந்தது.
வைகாசியில். நாலு மணித்தியாலம். பற்றிஸ் இரண்டு பெட்டி.
கொற்றன் அடுத்தடுத்து இருபது போட்ட நாள்.
எதிரே நின்றவர்களுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை.
மூடிகளின் மேல் எண் எழுதினோம்.

நான் வாய் திறந்துவிட்டேன்:
"மறதி மந்திரம் ஒண்டு இருக்கு, நான் வேணுமெண்டா..."
ஹஸ்மியா என் பக்கம் திரும்பவேயில்லை.

ஜெனோஷன் கட்டையை எடுத்தான்.
உள்ளங்கைக்குள் உருட்டினான்.
"ஏழுதானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.
போடாமல் வைத்தான்.

"கொற்றன் இருக்கிறான். நிலத்தில.
அவளைவிட உயரமாத் தெரியாத மாதிரி."
"சரி."
"வாளைக் கழட்டி முதுகுக்குப் பின்னால வைக்கிறான்."
"சரி."
தகரத்தில் மழை. அவன் அவசரப்படவில்லை.
"பட்டியை வாங்கிப் பாக்கிறான்.
இந்த ஓட்டை புதுசு. ஆணியால குத்தினது.
அப்பா மெலிஞ்சிருந்தவர், என்ன?"

"ஓம்" என்றாள் ஹஸ்மியா.
அந்தக் குரல் அவளுடையதல்ல.
"சாப்பாடு வரேல்ல எண்டு கடிதம் போட்டவர்."

வாளை எப்படி வீசுவது என்று மட்டும்தான்
அவனுக்குத் தெரியும் என நினைத்திருந்தேன்.
பட்டி கட்டுகிறவனுக்குத்தான்
பட்டி இறுகுவதும் தெரியும்.

"ஏதும் சொன்னவரா?" பிள்ளை விடவில்லை.

ஜெனோஷன் எமேஜென்சி லைட்டைப் பார்த்தான்.
"நான் கேக்கேல்ல" என்றான்.
கொற்றன் கேட்கவில்லை என்று சொல்லவில்லை.
நான், என்றான்.
"கேட்டிருக்கலாம். நேரமிருந்தது."

கீழே வீதியில் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு
கடைக்காரன் எறிந்த கோவா இலையைத் தின்றுகொண்டு நின்றன.
ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.
கட்டை உருளாமல் கிடந்தது,
என் மந்திரக்காரி, பேச்சு பதினேழு,
வாசலில் நின்றாள்.

கரண்ட் வந்தது. ஃபான் சுற்றியது, தீப்பெட்டிகள் சரிந்தன.
வேலைக்கு நேரமாச்சு என்று எழும்பினான்.
மூடிகளைப் பெட்டிக்குள் வழித்துப் போடும்போது
ஒன்றை மட்டும் எடுத்துத் திருப்பினான்.
எண் நாலு. மறுபுறம் நெக்டோ.
"இவருக்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்றான்.
மழைக்கோட்டின் ஒரு கை இன்னும் போடாமல்
பதிலுக்காக நின்றான்.