ஒரு கரண்டித் தண்ணீர்

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்
பத்து நாளைக்கு ஒரு முறை வரும்,
அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு.
வங்காள விரிகுடாவில்
ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழத்துக்கும் கீழே
எங்கள் எரிவாயுக் கிணற்றில்
கேட்காமலே வரும்.

விரிஞ்சிபுரத்தில் பிறந்தவள் நான்.
ஆற்றை நடந்தே கடந்து பள்ளிக்கூடம் போனவள்.
வாயுவோடு ஒரு கரண்டித் தண்ணீர் ஏறிவிடுமோ என்று
பயப்படுவதற்கு
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

விடுப்பு என்றுதான் பெயர்.
இருபத்தெட்டு நாள் கப்பல், இருபத்தெட்டு நாள் வீடு.
ஆனாலும் பதினொன்றரைக்குப் போன் அடித்தான் லியாகத்,
ஆம்பூர்க்காரன், இந்த முறை என் இடத்தில் இருப்பவன்.
"கிணத்தை மூடி எட்டு மணி நேரம் மேடம்.
இப்பத் திறந்தா மேல ஒண்ணும் வரல."

மொட்டை மாடிக்குப் போனேன், சிக்னலுக்காக.
சிமெண்டு இன்னும் பகலைக் கக்கிக்கொண்டிருந்தது,
செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.
கத்திரி வெயிலின் பதினான்காம் நாள்.
அங்கே கடல்தரையில் நாலு டிகிரி.

சுகுமாறனுக்கு விளக்கிப் பலமுறை தோற்றிருக்கிறேன்:
ஐஸ் இல்லை, ஐஸ் மாதிரி.
தண்ணீர் கூண்டு கட்டும்,
வாயு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.
பூஜ்யம் வரை குளிர வேண்டியதில்லை,
அழுத்தம் இருந்தால்
பதினெட்டு டிகிரியிலும் கல்லாகும்.
கையில் எடுத்தால் சீறும். தீக்குச்சி காட்டினால் எரியும்.
"எரியற ஐஸா? ஒரு லாரி அனுப்பச் சொல்லு வேலூருக்கு,
எரியறது பழகினதுதான்."

"மெத்தனால் பம்ப் நின்னுதா, லியாகத்?"
பதில் வர நேரமானது.
"ஃபில்டர் அடைச்சிருந்தது. நாப்பது நிமிஷம்தான்."
கரண்ட் பில்லின் முதுகில் எழுதினேன்: நாற்பது.
கீழே கோடு போட்டேன்.
திட்டவில்லை. திட்டினால் அடுத்த முறை
இருபது என்பான்.

பின்னால் வேறொரு குரல், கம்பெனி ஆள்:
மேலே சட்டென்று திறந்துவிட்டால் தானே கிளம்பிடும்,
கப்பலுக்கு ஒரு நாள் வாடகை என்ன தெரியுமா.
தெரியும்.
கிளம்பும் என்பதும் தெரியும்.
கீழே முழு அழுத்தம், மேலே வெறுமை,
நடுவில் பத்து மீட்டர் பனிக்கட்டி:
குழாய் அப்போது துப்பாக்கி.
அதன் வாய்க்கு நேரே
ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்பது லியாகத்.

"வேண்டாம். கீழ் வால்வை மூடு.
அடியிலிருந்து மெத்தனால், மெதுவா.
ரெண்டு பக்கமும் சமமா இறக்கு.
அஞ்சு பார் இறக்கு, நில்லு. மறுபடி அஞ்சு."
"அப்புறம்?"
"அப்புறம் ஒண்ணுமில்ல. உக்காரு."

இந்த வேலையில் பாதி உட்கார்வதுதான்.
அதற்குப் படிப்பில் பாடம் கிடையாது.

இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது
பக்கத்து வீட்டு ரெஜினா கதவைத் தட்டினாள்,
"வால்வ் திறந்துட்டாங்க, வா."
தெரு முழுக்கக் குடங்கள் உருண்டன.
போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கி
குழாயடியில் குந்தினேன்.
முதலில் வெறும் காற்று,
விசில் மாதிரி. பிறகு ஓர் இருமல்,
துரு கலந்த கொஞ்சம் சிவப்பு, மறுபடி காற்று.
யாரும் குழாயைத் தட்டவில்லை.
இந்தத் தெருவுக்குத் தெரியும், காற்று போனால்தான் வரும்.

"மேடம், சத்தம் மாறுது."
"எந்தப் பக்கம்?"
"மேல. ஏதோ நகருது. அழுத்தம் ரெண்டு பார்... மூணு."
"தொடாதே. நகரட்டும்."

முதல் குடம் நிறைந்து
என் காலில் வழிந்துகொண்டிருந்தது.
ரெஜினாதான் அடுத்ததை வைத்தாள்.

நாலே முக்காலுக்கு அவன் சொன்னான்:
வழி விட்டது, தீ ஜுவாலை சீராக எரிகிறது,
பம்ப் இனி நிற்காது, அல்லா மேல் ஆணை.
"ஒரு சொட்டுத் தண்ணி ஏற விடமாட்டேன் மேடம்."

சரி என்றேன்.
இங்கே ஒன்பது குடம், இரண்டு டிரம்,
ஒரு பிரஷர் குக்கர் நிறைய
பிடித்து வைத்திருப்பதை
அவனிடம் சொல்லவில்லை.